முதலில் அக்காக்கள் பிறந்த ஆண்டைக் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வரும் குடும்பக் கதைகளை விடாமல் படிக்கிறோம். அவற்றில் மூத்தவள் தவறாமல் தியாகம் செய்கிறாள், நடுவில் பிறந்தவன் முறைத்துக்கொண்டு திரிகிறான், கடைக்குட்டி செல்லத்தில் கெட்டுப்போகிறான். எத்தனையாவது பிள்ளை என்று தெரிந்ததுமே மீதிக் கதையை வாசகரே எழுதிவிடலாம். பிறப்பு வரிசை கதைக்கு ஆகாது என்று நாங்கள் சொல்லவரவில்லை. அது ஒருவர் தலையில் என்ன கடமையை ஏற்றுகிறது, அவரை எந்தக் காலத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்று பார்த்து எழுதினால் கதை நிற்கும். வரிசையை வைத்தே குணத்தை முடிவுசெய்தால் ஆள் பொம்மையாகிவிடுகிறார்.

மூத்தது இப்படி, இளையது அப்படி என்ற பேச்சை உளவியலில் பரப்பியவர் வியன்னாவின் ஆல்ஃபிரட் ஆட்லர். (அவரே இரண்டாவது பிள்ளை. அண்ணன் பெயர் சிக்மண்ட்!) நம்மிடம் அதற்கு முன்பே 'மூத்தது மோழை, இளையது காளை' இருந்தது. ஆனால் 2015இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் 20,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றியது. மற்றொன்று அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் 3,77,000 பேரைப் பற்றியது. பொறுப்பு, கலகலப்பு, அனுசரிப்பு எதிலும் பிறப்பு வரிசையால் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. பிறகு ஏன் ஒவ்வொரு வீட்டிலும் அது கண்ணுக்குத் தெரிகிறது? பதினான்கு வயதுப் பெண்ணையும் ஒன்பது வயதுப் பையனையும் ஒரே நாளில் ஒப்பிடுகிறோம். பதினான்கு வயதுக்குப் பொறுப்பு கூடுதலாகத்தான் இருக்கும். அந்தப் பையனும் பதினான்குக்கு வருவான், அதற்குள் அக்காவுக்குப் 'பொறுப்பானவள்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. இன்னொன்று, உடன்பிறந்தவர்கள் எதிரில் மூத்தவராக நடப்பவர் வேலைசெய்யும் இடத்தில் அப்படி நடக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கம்பெனியிலும் அக்காவாகவே நடமாடும் பாத்திரம் பாதி பொய்.

கதை எழுதுகிறவர்களே, எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பிறந்த ஆண்டு, ஒவ்வொரு பிறப்பின்போதும் அப்பா அம்மாவின் வயது, அப்போது வீட்டு வருமானம், வீட்டில் இருந்த மற்றவர்கள். இறந்த குழந்தைகளையும் எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

எடுத்துக்காட்டுக்குக் குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். மூத்தவள் 1967, தம்பி 1969, 1972இல் பிறந்து நாற்பதே நாளில் போன ஆண் குழந்தை, கடைசிப் பெண் 1979. மூத்தவளுக்கு எட்டு வயதாகும்போது வீட்டில் குழித்தறி ஓடுகிறது. பள்ளிக்கூடம் போகுமுன்னும் வந்தபின்னும் அவள் தார் சுற்றுகிறாள் (தறி நாடாவுக்குள் வைக்க நூலைச் சிறு குச்சியில் சுற்றும் வேலை). முட்டை வாங்கும் நாளில் ஒரு முட்டையை நூலால் நாலாக அறுப்பது அவள் வேலை. தறி வீட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. ஐம்பது வயதில், ஆளுக்கு ஒரு முட்டை தாராளமாக இருக்கும் வீட்டில், அவித்த முட்டையைக் கண்டதும் கை நூலைத் தேடட்டும். 'அக்கா எங்களுக்காகவே வாழ்ந்தாள்' என்ற வசனத்தை அப்போது அடித்துவிடலாம். அவள் கருணையோடு அறுக்கவேண்டும் என்பதுகூட இல்லை. துண்டு சரிசமமாக வரவேண்டும் என்ற பிடிவாதத்தால் எல்லோரையும் படுத்தி எடுப்பவளாகவும் இருக்கலாம்.

கடைசிப் பெண்ணுக்கு வாருங்கள். மூத்தவளுக்கும் இவளுக்கும் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. 1986இல் மூத்தவளுக்குக் கல்யாணமாகிப் போகும்போது இவளுக்கு ஏழு வயது, அண்ணன் வேலைக்குப் போகிறான். பேருக்குத்தான் கடைக்குட்டி, வளர்ப்பு ஒற்றைப் பிள்ளையுடையது. இடைவெளி ஐந்தாறு ஆண்டைத் தாண்டினால் வரிசையை மறந்துவிட்டுப் புதிதாக எண்ணுவது நல்லது. 1972 குழந்தையும் இங்கேதான் வேலைசெய்கிறது. கவுண்டன்ய ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்துக்கு ஓடும், அம்மா இவளை வாசல் தாண்ட விடமாட்டாள். கங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் அண்ணன் தோளிலிருந்து இறங்கவும் அனுமதி இல்லை. இவள் பயந்தாங்கொள்ளியாகவும் ஆகலாம், பொய்சொல்லிவிட்டு ஆற்றுக்கு ஓடுகிறவளாகவும் ஆகலாம். வரிசை அதைத் தீர்மானிக்காது, எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். இறந்த குழந்தை வரிசையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு, குணத்தைப் பற்றியல்ல, அறிவுத்திறனைப் பற்றி, நார்வேயில் சுமார் 2,40,000 ராணுவப் பதிவு இளைஞர்களை வைத்து 2007இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. மூத்தவர்களின் சராசரி அறிவுத்திறன் மதிப்பெண் இரண்டாமவர்களைவிட இரண்டு புள்ளி சொச்சம் கூடுதல். மூத்த குழந்தை பச்சிளம் வயதில் இறந்துபோன வீடுகளில் இரண்டாமவர் மூத்தவர் அளவுக்கே மதிப்பெண் பெற்றிருந்தார். எத்தனையாவதாகப் பிறந்தார் என்பதைவிட எத்தனையாவதாக வளர்ந்தார் என்பதுதான் கணக்கு.

நடுப்பிள்ளையின் கோபத்துக்கும் காரணம் வேண்டும். நம் ஊர்ப் பக்கம் பல குடும்பங்களில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைப்பார்கள். மூன்று மகன்கள் உள்ள வீட்டில் அப்பாவை ஆறு மாதம் வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்கியவன் நடுவில் பிறந்தவன். செத்த அன்று மூத்தவன் துபாயிலிருந்து வரும்வரை ஃப்ரீஸர் பெட்டிக்கு வாடகை கட்டுவதும் அவனே. கொள்ளிச்சட்டி மூத்தவன் கைக்குப் போகிறது. நடுவில் பிறந்தவன் ஓரமாக நின்று பந்தல்காரரிடம் பாக்கிக் கணக்குப் பேசட்டும். 'என்னை யாரும் மதிக்கவில்லை' என்று வாய்திறந்து சொல்லவைத்தால் காட்சி செத்துவிடும்.

தலைச்சனுக்கென்றே இருக்கும் வழக்கங்களையும் ஏன் யாரும் தொடுவதில்லை? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் மூத்த பிள்ளைக்குப் பாட்டி வீடு ஒரு கைப்பிடி கூடுதல் சொந்தம். ஆனியில் தலைச்சனுக்குக் கல்யாணம் வைக்கமாட்டார்கள். தலைச்சனுக்குத் தலைச்சன் ஆகாது என்று நல்ல வரனைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. இதில் ஒன்றே ஒரு சிறுகதைக்குப் போதும்.

சொத்துக் கதை எழுதுகிறவர்கள் தேதியில் தவறுகிறார்கள். இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமமான பிறப்புரிமை தமிழ்நாட்டில் 25-3-1989 முதல். அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்கு அது கிடையாது. நம் குடியாத்தம் வீட்டில் 1986இல் போன மூத்தவளுக்கு உரிமை இல்லை, 1989இல் பத்து வயதான தங்கைக்கு உண்டு. 9-9-2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கியது. ஆனால் 20-12-2004க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தால் அது கலையாது. தார் சுற்றியவளுக்கு ஒன்றுமில்லாமல், தறியையே பார்க்காதவள் கையெழுத்துக்காக எல்லோரும் காத்திருக்கும் 1998ஆம் ஆண்டுப் பதிவு அலுவலகத்தை யாராவது எழுதுங்களேன். ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பமாக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மகளுக்கு மகன் பங்கில் பாதி, மூத்தவளா இளையவளா என்ற பேச்சே வராது.

பேச்சு வழக்கும் வயது இடைவெளியைக் காட்ட வேண்டும். இரண்டு வயது மூத்தவளிடம் 'போக்கா, நீ வேற' என்பவன், பன்னிரண்டு வயது மூத்தவளிடம் அந்தத் தொனியில் பேசமாட்டான். அக்கா வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் அதே அக்கா 'வாங்க' ஆகிவிடுவாள். ஐந்து பக்கக் கதையில் இரண்டு இடத்தில் இதை மாற்றிக் காட்டினாலே வரிசை புரிந்துவிடும்.

இன்றைய காலக் கதைக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் இப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. 2010இல் பிறந்த பாத்திரத்துக்கு நான்கு உடன்பிறப்புகளைக் கொடுத்தால் அதற்கே தனிக் காரணம் சொல்லவேண்டியிருக்கும். ஒற்றைப் பிள்ளையாக இருந்தால் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளைத் தாளில் சேர்த்துவிட்டு, கோடை விடுமுறையில் ஒரே கூடத்தில் பாய் விரிப்பவர்களில் யார் மூத்தது என்று பாருங்கள். அண்ணன் என்ற பட்டம் அங்கேதான் கிடைக்கிறது.

இப்படிக்கு,
சிறுகதை வாசகர்கள் சிலர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.