படுக்கும் முன் ஒரு டம்ளர் கூழ்: கையேட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கமுங்க.

ஈரல் நோயாளிகளுக்கான உணவுக் கையேடு நம்ம கொங்குச் சமையலை வைத்தே எழுதி முடிந்திருக்கிறது. உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல இந்த மடல்.

முதலில் எடைத்தட்டும் கையுமாக நின்ற சமையல்காரம்மாக்களுக்கு. ஈரல் சுருக்கம் (சிரோசிஸ்) வந்தவருக்குக் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். வயிற்றிலும் காலிலும் நீர் கோத்திருந்தால் அந்த நீரின் எடையைக் கழித்துத்தான் கணக்கு. "பருப்பு நிறையச் சேருங்கள்" என்றால் யாருக்குப் புரியும்? 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம் என்று வைத்து, அரிசிம்பருப்புச் சோற்றில் பருப்பை எவ்வளவு கூட்டினால் ருசி கெடாது என்று பார்த்துச் சொன்னது நீங்கள்தான்.

ராத்திரிக் கூழும் உங்கள் யோசனையே. நல்ல ஈரல் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து விடியும்வரை கொடுக்கும். கெட்ட ஈரலில் அந்தக் கையிருப்பு சொற்பம். ஓர் இரவு வெறும் வயிறே மற்றவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமம். உடம்பு தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். படுக்கும் முன் 50 கிராம் மாவுச்சத்து போனால் இது குறையும். 75 கிராம் ராகி மாவுக் கூழில் அது கிடைத்துவிடும். சர்க்கரை நோயும் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றுங்கள்.

அடுத்து, காங்கயம் பக்கத்து எண்ணெய் ஆலைக்காரருக்கு. ஈரல் சுரக்கும் பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது. மலம் வெளிறி, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு மிதக்கும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதோடு வீணாகும். எம்.சி.டி. எண்ணெய்க்குப் (நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்களால் ஆனது) பித்தநீர் அவ்வளவாகத் தேவையில்லை, குடலிலிருந்து நேராக ஈரலுக்குப் போகிறது. "அப்போ தேங்காய் எண்ணெயே போதுமே" என்பார்கள். போதாது. அதில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். அதன் பெரும்பங்கு மற்ற எண்ணெய் போகும் வழியில்தான் போகும். வியாபாரத்துக்கு உதவாத இந்த வரியையும் அச்சிடச் சொன்ன மனசுக்கு நன்றிங்க.

ஆய்வகத் தங்கைகள் ஒரு நுட்பத்தை எளிதாக்கித் தந்தார்கள். ரத்தம் உறையத் தாமதமானால் வைட்டமின் கே ஊசி போட்டு மறுபடி சோதிப்பார்கள். சீரானால் அந்த வைட்டமினைக் குடல் உறிஞ்சாததே காரணம். சீராகாவிட்டால் உறையவைக்கும் புரதங்களை ஈரலே செய்யவில்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

காமாலை என்றதும் எண்ணெய், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி மோர்சோறு மட்டும் போடும் பத்தியத்தை விடச் சொன்னபோது அமுச்சிகள் (பாட்டிமார்) எங்களோடு நன்றாகச் சண்டை போட்டார்கள். பிறகு அவர்களே ஊருக்குள் எடுத்துச் சொன்னார்கள். மலம் மிதந்தால் மட்டும் மருத்துவர் சொல்லி எண்ணெயைக் குறைத்தால் போதும். நீர் கோத்தவருக்கு உப்பு நாளுக்கு 5 கிராம்தான்; ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் அதற்குள் அடக்கம். ஈரோட்டு மஞ்சள் குழம்பில் இருக்கலாம். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை சிலருக்கு ஈரலையே கெடுத்திருப்பதால் அது வேண்டாம்.

கடைசியாக மருந்துக்கடைத் தம்பிகளுக்கு. உடம்பு அரிப்புக்குக் கொலஸ்டிரமைன் பொடி (குடலில் பித்த உப்பைப் பிடித்து வெளியேற்றுவது) குடிப்பவர்கள், வைட்டமின்களையும் மற்ற மாத்திரைகளையும் அதற்கு 1 மணி நேரம் முன்போ 4 மணி நேரம் பின்போ போட வேண்டும். இல்லாவிட்டால் பொடி அவற்றையும் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். கையேட்டில் விட்டுப்போயிருந்த இதைச் சேர்த்தது நீங்கள்தான்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்