புருவத்துத் தழும்பும் உன் பேரனும்

காலடிப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. படித்து முடித்ததும் போனில் கூப்பிடத்தான் கை போனது. ஆனால் நீ பக்கம் பக்கமாகக் கைப்பட எழுதியிருக்கும்போது இரண்டு நிமிடப் பேச்சில் பதில் சொல்வது முறையாகப் படவில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வேண்டியது அப்படியே நின்றுபோகும்.

இங்கே எல்லோரும் நலம். மழைக்காலத்தில் அவருக்கு முட்டிவலி அதிகமாக இருந்தது, இப்போது தேவலாம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபோது "நமக்கெதற்கு அதெல்லாம்" என்றவர், இன்று வண்ணாரப்பேட்டைக்கு மருந்து வாங்கப் போவதென்றாலும் அதில்தான் போகிறார். நீ கடைசியாகப் பார்த்த திருவொற்றியூர் நெடுஞ்சாலை இப்போது இல்லை. ரயில் நம் தலைக்கு மேலே போகிறது. எம்.சி. ரோடு மட்டும் அப்படியே இருக்கிறது. அதே ஜவுளிக்கடைகள், அதே நெரிசல்.

இனி உன் பேரன் விஷயம். சறுக்குமரத்தின் அடியிலிருந்து அந்தப் பையன் எழுந்து நகர்வதற்குள் உன் பேரன் மேலிருந்து வந்து மோதிவிட்டான், பையனுக்கு முன்பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம் என்று எழுதியிருக்கிறாய். அன்றிலிருந்து குழந்தை பள்ளிக்குப் போக மறுக்கிறான், ராத்திரியில் எழுந்து "நான் கெட்ட பையனா பாட்டி?" என்று கேட்கிறான் என்று படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு நீ எழுதியிருக்கும் வரிதான் என்னை இந்த மேஜைமுன் உட்காரவைத்தது. "உன் நெற்றியைக் கிழித்த கை இது, நான் அவனுக்கு என்ன பதில் சொல்வேன்" என்று கேட்டிருக்கிறாய்.

மல்லிகா, 1972இல் எல்.கே.ஜி.யில் நடந்தது பற்றி நீ இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கும் கதையில் ரத்தம் இருக்கிறது, டீச்சர் இருக்கிறார், நீ இருக்கிறாய். நான் இல்லை. அடிபட்டவள் பக்கத்துக் கதையை நான் உனக்குச் சொன்னதே இல்லை. சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், கேள்.

மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டு, மூலைகளில் தகரம் மடித்து அடித்தது. உன்னுடையதில் ஒரு மூலைத் தகரம் ஆணி கழன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 'அ' எழுதிக் காட்டியதும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, காய்வதற்காக எல்லோரும் சிலேட்டை மேலும் கீழும் வீசுவோம். யாருடையது முதலில் காய்கிறது என்று போட்டி வேறு. டீச்சரே "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவார். இத்தனைக்கும் நாம் நீளப் பலகையில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம். என் பலப்பம் உருண்டு உன் காலடிக்குப் போனது. குனிந்து எடுத்தேன். நான் நிமிர்ந்த நேரமும் உன் கை இறங்கிய நேரமும் ஒன்றாகிவிட்டது. அந்த அடியில் பாதி உன் கையின் வேகம், பாதி என் தலையின் வேகம்.

வலி எனக்கு நினைவில் இல்லை. உன்மேல் ஆணை, இல்லை. இமைமேல் வெதுவெதுப்பாக எதுவோ வழிந்ததும், ஒரு கண்ணில் மட்டும் எல்லாம் சிவப்பாகத் தெரிந்ததும் நினைவிருக்கிறது. மற்றொரு கண்ணில் நீ தெரிந்தாய். உன் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சிலேட்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாய்.

பள்ளி ஆயாம்மா காபித்தூளை அப்பி, முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கை ரிக்ஷாவில் என்னை மடியில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோனார். ரிக்ஷாக்காரர் "குழந்தை, தூங்காதே, என்னோடு பேசு" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். எனக்கு அது திருவிழா. அதற்குப் பிறகு கை ரிக்ஷாவில் நான் ஏறவே இல்லை. மறு வருடம், 1973இல், கருணாநிதி அரசு அதை ஒழித்துவிட்டது. மூன்று தையல், ஒரு டெட்டனஸ் ஊசி, கையில் ஒரு மிட்டாய். ஓடிவந்த அம்மாவிடம் டாக்டர், "நெற்றியிலும் தலையிலும் தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் நிறைய. சின்ன வெட்டுக்கும் கொட்டும். ரத்தத்தைப் பார்த்துக் காயத்தை எடை போடாதீர்கள்" என்றாராம். அம்மா இதைப் பின்னாளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

உனக்கு இதை யாரும் சொல்லவில்லை. நீ அப்போது வகுப்பு வாசலில் வெயிலில் முட்டி போட்டிருந்தாய். "இன்னும் ஓர் அங்குலம் இறங்கியிருந்தால் அவள் கண்ணே போயிருக்கும், அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்" என்று டீச்சர் உன்னிடம் சொன்னதை உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்த டீச்சர்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. தகரம் பெயர்ந்த சிலேட்டை அவர் பார்த்திருக்க வேண்டும். அத்தனை குழந்தைகளை நெருக்கியடித்து உட்காரவைத்துவிட்டு வீசச் சொல்லி விரட்டியிருக்கக் கூடாது. அதையெல்லாம் விட்டுவிட்டு, நடந்ததற்கு ஆள் தேடி, கைக்கு எட்டிய நான்கு வயதுக் குழந்தையைப் பிடித்தார். என் பெயரைச் சொல்லி உன்னைத் தண்டித்தார்.

அதே நாள் சாயங்காலம் என் பாட்டி என்ன செய்தார் என்பதை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு திரும்பியவர் விஷயம் கேட்டதும் நேரே உன் வீட்டுக்குப் போய் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். பயந்துபோன உன் அம்மா பின்னாலேயே ஓடிவந்தார். நம் இருவரையும் ஒரே மணைப்பலகையில் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் கையில் எடுத்து, இரண்டு தலைக்கும் சேர்த்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார். நெடியே வரவில்லை. "பார்த்தாயா, எவ்வளவு திருஷ்டி! இரண்டு பிள்ளைகள் மேலும் கண் பட்டிருக்கிறது" என்று உன் அம்மாவிடம் சொன்னார். அடித்தவள், அடிபட்டவள் என்று அவர் பிரிக்கவே இல்லை. எழுத்து வாசனை அறியாத பாட்டிக்குத் தெரிந்தது டீச்சருக்குத் தெரியவில்லையே என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

மருமகள் பி.எட். படித்தபோது ஒரு பாடத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் 1932இல் வெளியிட்ட ஆய்வு. சிறு பிள்ளைகளிடம் அவர் இரண்டு கதைகள் சொல்வாராம். ஒரு பையன் சாப்பிடப் போகும்போது கதவைத் திறக்கிறான்; பின்னால் தட்டில் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது; 15 கோப்பைகள் உடைகின்றன. இன்னொருவன் அம்மாவுக்குத் தெரியாமல் அலமாரியிலிருந்து ஜாம் எடுக்க நாற்காலியில் ஏறுகிறான். ஒரு கோப்பை உடைகிறது. யார் பெரிய தப்பு செய்தவன்? வளர்ந்த பிள்ளைகள் ஜாம் திருடப் போனவனைக் காட்டினார்கள். சின்னஞ்சிறுசுகள் பெரும்பாலும் 15 கோப்பை உடைத்தவனைத்தான் காட்டினார்கள். அந்த வயதில் சேதம் எவ்வளவோ, தப்பும் அவ்வளவு. மனசில் என்ன இருந்தது என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை.

அதைக் கேட்டபோதுதான் நீ ஏன் அப்படி உறைந்து நின்றாய் என்பது எனக்குப் புரிந்தது. அவ்வளவு ரத்தம், ஆகவே அவ்வளவு பெரிய பாவம். உன் வயதுக்கு அந்தக் கணக்குதான் தெரியும். அது தவறு என்று எடுத்துச் சொல்ல வேண்டிய பெரியவரே அதே கணக்கைப் போட்டு உன் தலையில் எழுதிவிட்டார். உன் பேரனும் இன்று அதே கணக்கில்தான் இருக்கிறான்.

இன்னொன்றும் சொல்கிறேன். தம்புச் செட்டித் தெரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மனுவில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 82ஆம் பிரிவு வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. அவ்வளவுதான் அந்தப் பிரிவு. 1860இல் எழுதிய சட்டம். 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 20ஆம் பிரிவாக அது இருக்கிறது. அதைத் தட்டச்சு செய்தபோது உன் முகம்தான் கண்முன் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்கூட உன்னை விட்டுவிட்டது, மல்லிகா. நீதான் உன்னை விடவில்லை.

அந்தத் தழும்பால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் முதல் வரியே அதுதான்: வலது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. வேலைக்குச் சேர்ந்தபோதும் எங்கெங்கோ சான்றிதழ் கேட்டபோதும் அதைத்தான் சரிபார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு உன் ஞாபகம் வரும், சந்தோஷமாகவே வரும்.

பேரனிடம் "ஒன்றும் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாதே. அவன் ரத்தத்தைக் கண்ணால் பார்த்தவன்; நீ சொல்வதை நம்பமாட்டான். நடந்ததை நடந்தபடி அவனோடு சேர்ந்து சொல்லிப் பார். அவன் எங்கே உட்கார்ந்திருந்தான், அந்தப் பையன் எங்கே இருந்தான், சறுக்க ஆரம்பித்த பிறகு யாராலும் நடுவில் நிற்க முடியுமா? பொம்மைகளை வைத்துக் காட்டினாலும் சரி. இடிக்க வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை என்பதை அவன் வாயாலேயே சொல்லட்டும். பிறகு அந்தப் பையன் வீட்டுக்கு அவனை அழைத்துப் போ. மன்னிப்புக் கேள் என்று எல்லோர் முன்னாலும் நிறுத்தாதே. அந்தப் பையனுக்குப் பிடித்ததாக எதையாவது அவன் கையால் கொடுக்கட்டும். இருவரும் கொஞ்ச நேரம் விளையாடினால் போதும். அந்தப் பையன் சிரிப்பதை உன் பேரன் பார்க்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது. உன்னை மறுநாளே என் பக்கத்தில் உட்காரவிடாமல் பலகை மாற்றிவிட்டார்கள், ஞாபகமிருக்கிறதா?

உடைந்தது பால்பல் என்பதால் பயம் வேண்டாம். மேல் முன்பல் எப்படியும் ஏழு, எட்டு வயதில் விழுந்து முளைக்கும். ஆனாலும் ஈறுக்குள் இருக்கும் நிலைப்பல்லுக்கு அடி பட்டிருக்கிறதா என்று பல் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. அந்தப் பெற்றோரிடம் நீயே பேசிப் பார், செலவை உன் மகன் ஏற்றுக்கொள்ளட்டும். சறுக்குமரத்தின் அடியில் விளையாட்டு நேரம் முழுவதும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும் என்று பள்ளியில் அழுத்திச் சொல். இதில் தயங்காதே.

மாசியில் தியாகராஜர் கோயில் பிரம்மோற்சவம் வருகிறது. அதற்குப் பேரனையும் அழைத்துக்கொண்டு வா. பாட்டியின் சிநேகிதி நெற்றியில் என்ன இருக்கிறது என்று அவன் பார்க்கட்டும், அது எப்படி வந்தது என்று நானே அவனிடம் சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து மாறாமலே மெட்ரோவில் காலடிப்பேட்டைக்கு வந்துவிடலாம். டிக்கெட் போட்டதும் எந்த ரயில் என்று எழுது. அவர் ஸ்டேஷனுக்கு வருவார்.

என்றும் உன்,
விஜயா