தூளிச் சேலை முதல் கோட்டை நிழல் வரை: ஒரு நன்றி மடல்

திருச்சியிலிருந்து தரங்கம்பாடி வரை கைகொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக ஏறக்குறைய 160 கிலோமீட்டர். காரில் மூன்று பெரியவர்கள், எட்டுக் கிலோ எடையுள்ள ஏழு மாதக் குழந்தை, இரண்டு இரவு. இது சிக்கலில்லாமல் முடிந்ததற்கு நீங்கள் சொல்லித் தந்தவைதான் காரணம். பெயர் போட்டால் உங்களில் பாதிப்பேர் கூச்சப்படுவீர்கள். அதனால் தொழிலையும் உறவையும் மட்டும் குறிக்கிறோம். சொன்ன விவரங்களையும் கூடவே எழுதிவிடுகிறோம். அடுத்து இந்தப் பாதையில் குழந்தையோடு கிளம்புகிறவர்களுக்கும் உதவட்டும்.

முதல் நன்றி, குழந்தை இருக்கையை விற்றதோடு நிற்காமல் காருக்குள் ஏறி மாட்டிக் காட்டிய கடைத் தம்பிக்கு. இந்த வயதில் இருக்கை பின்னோக்கித்தான் இருக்க வேண்டும், அதுவும் பின்சீட்டில். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது; அது விரியும் வேகத்தில் இருக்கையின் முதுகில் அறையும். காரின் பெல்ட்டை நீல அடையாளம் உள்ள வழியில் நுழைக்க வேண்டும், சிவப்பு முன்னோக்கி வைப்பதற்கானது. முழங்காலை இருக்கைக்குள் ஊன்றி முழு எடையையும் கொடுத்தபடி பெல்ட்டை இழுத்துப் பூட்ட வேண்டும். பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் தோள்பட்டை வார், தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். பூட்டிய பின் தோளருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு பிடிபடக் கூடாது. பிடிபட்டால் தளர்வு.

விடியற்காலைக் குளிருக்கென்று ஸ்வெட்டர் போட்டு வாரை மாட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு என்றும் அந்தத் தம்பிதான் சொன்னார். மோதும்போது கம்பளி நசுங்கிவிடும், வார் தொளதொளத்துவிடும். மெல்லிய சட்டையோடு மாட்டிவிட்டு, மேலே துண்டு போர்த்தினால் போதும். “மடியில வச்சுக்கிட்டா பத்திரம்தானே” என்று கேட்ட பெரியவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்: 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் எட்டுக் கிலோ பல மடங்காகக் கனக்கும், எந்தக் கையும் தாங்காது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி இதற்கு ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. ஆனால் அவர் அதைக் கடைசியில்தான் சொன்னார், அதற்காகவே தனியாக ஒரு நன்றி.

பக்கத்துத் தெரு டாக்சி அண்ணனுக்கு. கிளம்பும் நேரத்தை நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். திருச்சியிலிருந்து தரங்கம்பாடி கிழக்கே. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் சூரியன் காருக்கு எதிரே எழும். பின்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் முகத்தில் வெயில் படாது, இருக்கையின் முதுகே நிழல். திரும்பும்போது காலையில் கிளம்புவதுதான் பிழை. மேற்கே போகும் காரின் பின்கண்ணாடி வழியாக வெயில் நேரே குழந்தையின் கண்ணில் அடிக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் புறப்பட்டால் மறுபடியும் வெயில் எதிரே. இரு முறையும் கஷ்டம் ஓட்டுகிறவருக்குத்தான். கறுப்புக் கண்ணாடியும், உள்ளும் வெளியும் துடைத்த முன்கண்ணாடியும் அவருக்கு வேண்டும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்திக் குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற கணக்கும் உங்களுடையதே. தூங்கினாலும் அப்படித்தான். சாய்ந்தே கிடந்தால் தலை முன்னால் தொங்கி, மோவாய் நெஞ்சில் இடித்து மூச்சுத் திணறும். நாலு மணி நேர ஓட்டத்துக்கு ஐந்தரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னீர்கள். கும்பகோணம் தாண்டியபின் வரும் வேகத்தடைகளை எண்ணினால் அந்தக் கணக்கு புரியும்.

பஞ்சர் கடை பாய்க்கு: டயர் ஆறியிருக்கும்போது காற்று பார்க்கச் சொன்னதற்கும், ஸ்டெப்னியைக் கேட்காமலேயே சோதித்ததற்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அக்காவுக்கு ஒரு பத்தி போதாது. காய்ச்சல் மருந்தில் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல என்று பாட்டிலில் பேனாவால் எழுதித் தந்தீர்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் வழக்கமாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம்; சிரப்பில் 5 மில்லிக்கு 125. மருத்துவர் எழுதித் தந்தது கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி. எட்டுக் கிலோவுக்கு 120 மில்லிகிராம், அதாவது சொட்டு மருந்தில் 1.2 மில்லி. சிரப்பின் அளவை நினைத்துக்கொண்டு சொட்டு மருந்தில் 5 மில்லி கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். ஊர் மாறி, தூக்கம் கெட்ட இரவில்தான் இந்தத் தவறு நடக்கும்.

ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றாலோ, உச்சிக்குழி குழிந்திருந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றீர்கள். சூடு பார்ப்பது பிடரியில்; கையும் காலும் எப்போதும் ஏமாற்றும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும், கால் பொட்டலம் கால் டம்ளர் என்ற வேலையே கூடாது. சன்ஸ்கிரீன் ஆறு மாதத்துக்குக் கீழே வேண்டாம். மேலே என்றாலும் முதல் நாள் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்த பிறகே.

கும்பகோணம் டீக்கடை அம்மாவுக்கு. பிளாஸ்க் நிறையக் கொதிநீர் ஊற்றினீர்கள், காசு வாங்கவில்லை. “அரைப் பிளாஸ்க் சீக்கிரம் ஆறிடும், கழுத்து வரைக்கும் ரொப்பு” என்றது வேத வாக்கு. பால்பொடியைக் கலக்கும் நீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது, பொடியில் இருக்கக்கூடிய கிருமி சாக வேண்டும். கலந்தபின் புட்டியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் குடிக்காததைக் கொட்டிவிட வேண்டும். பொடியை வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து உலர்வாகக் கொண்டுபோனால், வண்டியை நிறுத்திய இடத்தில் கரண்டி எண்ணத் தேவையில்லை. தாய்ப்பாலுக்கு, 2015இலிருந்து பேருந்து நிலையங்களில் இருக்கும் பாலூட்டும் அறையைப் பூட்டாமல் சுத்தமாக வைத்திருந்த துப்புரவுப் பணியாளர் அக்காவுக்கு எங்கள் வணக்கம். ஓடும் காரில் குழந்தையை எடுத்துப் பால் கொடுக்கும் பழக்கத்தை அந்த அறைதான் இல்லாமல் செய்தது. குடித்ததும் ஏப்பம் விட வைத்து, இருபது நிமிடம் தோளில் போட்டபின் கிளம்பினால் வாந்தி இல்லை.

தங்கிய விடுதியின் அண்ணனுக்கு. கடல் பார்த்த மாடியறையைக் கொடுக்காமல் பின்பக்கத் தரைத்தள அறையைக் கொடுத்தீர்கள். இரவெல்லாம் கதவை அடித்த காற்றைக் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. தரையில் கெட்டியான மெத்தை, மேலே குடைக் கொசுவலை, ஏசி 26இல். வாசலில் இரண்டு வாளி நல்ல தண்ணீர், அதற்குத்தான் பெரிய நன்றி. மணலை ஈரத்தாளால் துடைத்தால் தோல் சிராய்க்கும். முதலில் நீரில் அலசி, தொடை மடிப்பில் ஒற்றி எடுத்து, முழுதும் உலர்ந்தபின் தேங்காய் எண்ணெய், பிறகே டயப்பர்.

இனி, தரங்கம்பாடி மீனவர் அண்ணன்களுக்கு. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே கொண்டுபோன கடல் இது. அங்கே பாய் விரிக்க இடம் பார்ப்பது எப்படி என்று நீங்கள் காட்டாமல் தெரிந்திருக்காது. பத்து நிமிடம் நின்று, மிக உயரம் ஏறிய அலையின் ஈரக்கோட்டைக் கவனித்து, அதிலிருந்து இருபது தப்படி மேலே. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் உள்ளே இழுக்கும் இடம், அங்கே குழந்தையின் காலை நனைக்கப் போகக் கூடாது. கரையைக் காக்கக் கொட்டிய கருங்கற்களில் பாசி இருக்கும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறக் கூடாது. விரிக்கும் முன் கையால் மணலைத் தடவிப் பார்க்க வேண்டும்: தூண்டில் முள், நைலான் வலைத் துண்டு, கரையொதுங்கிய சொறி (ஜெல்லி மீன்). சொறி செத்துக் காய்ந்தாலும் அரிக்கும்.

காலை பத்து மணிக்கு மேல் கொண்டல், அதாவது கடலிலிருந்து வீசும் கீழ்க்காற்று, எழும்பிவிடும். பறக்கும் மணலில் பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு முழத்துக்குள்தான் பறக்கும். பாயில் படுத்த குழந்தையின் முகம் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும். அதனால் காற்று எழுந்தால் மடிக்கு எடுத்து, கடலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். கண்ணில் மணல் விழுந்தால் கசக்க விடாமல், தலையை அந்தப் பக்கம் சாய்த்து, காய்ச்சி ஆறிய நீரை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கம் ஊற்றினால் வந்துவிடும். குடையை நம்பாதீர்கள் என்றும் சொன்னீர்கள். மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் குடைக்கு அடியிலும் வரும்.

நிழலுக்கு நீங்கள் காட்டியது 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை. நாலரைக்கு மேல் அதன் நிழல் கடற்பக்கம் சாய்ந்து விழுகிறது. காலை ஆறரை முதல் எட்டு, மாலை நாலரை முதல் இருட்டும் வரை. குழந்தைக்குக் கடற்கரை என்றால் அவ்வளவுதான்.

அப்பத்தாவுக்கு: தூளிச் சேலையைத் துவைக்காமல் மடித்துக் கொடுத்தீர்கள். கொக்கி இல்லாத அறையில் மின்விசிறிக் கம்பியிலோ ஜன்னலிலோ தூளி கட்டாதே, கீழே இறுக்கமாக விரித்துப் படுக்க வை, வாசனை போதும் என்றீர்கள். போதுமாகத்தான் இருந்தது.

கோரைப்பாய் தந்த மீனவர் குடியிருப்பு அக்காவுக்கு: துணி விரிப்பில் மணல் தேங்கும், கோரையில் இடுக்கு வழியே உதிர்ந்துவிடும் என்று நீங்கள் சொன்னது உண்மை. பாய் தெரியாமல் டிக்கியில் எங்களோடு வந்துவிட்டது. அலசிக் காயவைத்திருக்கிறோம். அடுத்த வாரம் மயிலாடுதுறை வரும் டாக்சி அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறோம், உள்ளே அப்பத்தா வைத்த சத்துமாவு ஒரு கிலோவும் இருக்கும்.

அன்புடன்,
குழந்தையின் அம்மா, அப்பா, பெரியம்மா