ஆய்வேட்டில் பெயர் வராதவர்களுக்கு

அன்புள்ள அக்கா, அண்ணன், சிஸ்டர் எல்லோருக்கும்,

ஒருவழியாக ஆய்வு முடிந்தது. நம்ம புதுச்சேரி மருத்துவமனையின் ஐ.சி.யூ. சாம்பிள்களில் வளர்ந்த பாக்டீரியாக்களில், மெரோபெனம் போன்ற கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்கையே முறியடிக்கும் மரபணுக்கள் உண்டா என்று தேடிய வேலை. வழிகாட்டி, துறைத் தலைவர் பெயர்களெல்லாம் ஆய்வேட்டில் முறைப்படி அச்சாகிவிட்டன. இந்த மடல் உங்களுக்கு.

முதல் நன்றி, சாம்பிளில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பெஞ்ச் அக்காவுக்கு. பிளேட்டில் மருந்து தோய்த்த டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை ஸ்கேல் வைத்து அளப்பது பார்க்கச் சின்ன வேலை. கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவுக்கு மெரோபெனம் வட்டம் 23 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து கேட்கும். 19 அல்லது அதற்குக் கீழ் என்றால் கேட்காது. வம்பு நடுவில்தான். நான் தேடிய மரபணுக்களில் ஒன்றான ஆக்சா-48 தரும் நொதி மெரோபெனத்தை மெதுவாகத்தான் உடைக்கும். அதனால் அந்தக் கிருமி சில நேரம் நல்ல பிள்ளை மாதிரி நடுவில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட பிளேட்டுகளை யாரும் கேட்காமலே தனியாக எடுத்து வைத்து, “இதையும் பி.சி.ஆர்.ல போட்டுப் பாரும்மா” என்றவர் அக்கா. மரபணுவைத் தேடும் அந்தச் சோதனையில் போட்டேன். ஜெல்லில் பட்டை தெரிந்தது, அதாவது மரபணு இருந்தது. எனக்குக் கிடைத்த சுவாரசியமான முடிவுகளில் பாதி அக்காவின் சந்தேகத்தில் பிறந்தவை.

எந்த மரபணு என்று தெரிந்தால் சிகிச்சையே மாறும். செஃப்டாசிடைம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து ஆக்சா-48 உள்ள கிருமிக்குப் பெரும்பாலும் கைகொடுக்கும். என்.டி.எம். என்ற இன்னொரு மரபணு இருந்தால் அது மட்டும் போதாது, அஸ்ட்ரியோனம் என்ற ஆன்டிபயாடிக்கும் சேர்க்க வேண்டும். விலையைக் கேட்டால் வீட்டுக்காரர்களுக்குத் தலை சுற்றும் மருந்து. குருட்டாம்போக்கில் போட முடியாது.

நைட் டூட்டி சிஸ்டர்களே, ஆன்டிபயாடிக் முதல் டோஸ் ஏறுவதற்கு முன்பே ரத்தம் எடுத்து அனுப்பினீர்கள். மருந்து ஏறிய பிறகு எடுத்திருந்தால் பல பாட்டில்களில் எதுவுமே வளர்ந்திருக்காது. போதிய ஊழியர்கள் இல்லாத வார்டில் இரவு இரண்டு மணிக்கு இதை நினைவில் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஊரே தண்ணீரில் நின்றது. சேமித்த கிருமிகள் எல்லாம் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில். ஜெனரேட்டர் அண்ணன் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, டீசல் தீராமல் பார்த்துக்கொண்டார். நான் போன் செய்தபோது, “ஓடுதும்மா, தூங்கு” என்று வைத்துவிட்டார். தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம், நான் வளர்த்த கிருமிகளை 121 டிகிரி ஆட்டோகிளேவில் வேகவைத்தே வெளியே அனுப்பிய அம்மா. கையுறை கிழிந்திருந்தால் என்னையே உள்ளே விடமாட்டார்.

சாம்பிளைப் பயன்படுத்தச் சம்மதித்த நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்ன சொல்வது? சிலர் வீடு திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை. அந்த நேரத்திலும் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள். கும்பிடுகிறேன்.

முடிவுகளைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் கொடுத்துவிட்டேன். கிளிசராலில் உறைய வைத்த கிருமி ஸ்டாக் எல்லாம் ஃப்ரீசரின் மேல் தட்டில், ரிஜிஸ்டர் அக்காவிடம். அடுத்து வரும் பிள்ளைகள் அவரைக் கேட்டுவிட்டு எடுக்கவும்.

அன்புடன்,
உங்கள் லேப் பொண்ணு