தேய்க்க சொன்னீங்க, அலச சொல்லலியே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் காட்பாடி பக்கத்துல 20 வருஷத்துக்கு மேல சலூன் கடை வச்சிக்கினு இருக்கேன். கடைக்கு தினமும் உங்க பேப்பர் தான் வாங்கறது, காத்துக்கினு இருக்கறவங்க படிக்கறதுக்கு, அதனால எங்க கடையில ஒரு பேப்பர முப்பது நாப்பது பேர் படிக்கிறாங்கன்னு வச்சிக்கங்க. போன வாரம் இணைப்புல பொடுகுக்கு வீட்டு வைத்தியம்னு அரை பக்கம் போட்டிருந்தீங்க, எலுமிச்சம்பழம் தேயுங்க, புளிச்ச தயிர் தேயுங்க, தேங்கா எண்ணெயில சூடம் போட்டு தேயுங்க, வெந்தயம் அரைச்சி தேயுங்கன்னு. எல்லாத்தையும் தேய்க்க சொல்லியாச்சு, எவ்ளோ, எவ்ளோ நேரம், எத்தனை நாளு, யாருக்கு ஆகாது, இதெல்லாம் ஒரு வரி கூட இல்ல. அதுக்கு தான் இந்த லெட்டர், கோச்சிக்காதீங்க.

பேப்பர் வந்து நாலு நாள் கூட ஆகல, ஒரு பையன் வந்து சேர்ல உட்கார்ந்தான், பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றவன். நெத்தியில முடி ஆரம்பிக்கற இடத்துல கோடு கோடா கருப்பா இருக்குது, காது பக்கத்துல சின்னதா கொப்புளம் வேற. இன்னாடா இதுன்னு கேட்டா, நம்ம பேப்பர்ல தான் அண்ணா போட்டிருந்தாங்க, எலுமிச்சம்பழத்த ரெண்டா அறுத்து அப்படியே தேய்ச்சிக்கினு வேலைக்கு போயிட்டேன்றான். அந்த சாறு தோல் மேல இருக்கும்போது வெயில் பட்டா வெந்து போயிடும் சார், உடனே தெரியாது, மறுநாள் தான் எரிச்சலும் கொப்புளமும் வரும், அப்பறம் அந்த கருப்பு மறைய வாரக் கணக்குல, சில பேருக்கு மாசக் கணக்குல ஆகும். வேலூர் வெயில், அதுவும் கத்திரி, சாதாரண தலையே தாங்காது. எலுமிச்சம்பழம் தப்புன்னு நான் சொல்லல, அரை மூடிய ஒரு சொம்பு தண்ணியில கலந்து ஊத்தி ஒரு நிமிஷத்துல நல்ல தண்ணியில அலசிட்டு தலைய காய வச்சிக்கினு வெளிய போனா பெருசா கெடுதல் இல்ல. சொறிஞ்சி சொறிஞ்சி புண்ணாயிருக்கற தலையில அது கூட வேணாம், உயிரே போற மாதிரி எரியும்.

இவன் யார்றா எனக்கு புத்தி சொல்றதுன்னு நெனைக்கலாம். எங்க ஆளுங்க முடி வெட்டறது மட்டும் இல்ல, அந்த காலத்துல ஊருக்கு வைத்தியமும் பார்த்தாங்க, மருத்துவர்னு பேரு வந்ததே அப்படி தான். எங்க ஆயா சுத்துப்பட்டு கிராமத்துல எல்லாம் பிரசவம் பார்த்தவங்க. அவங்க பொடுகுன்னு சொல்ல மாட்டாங்க, சுண்டுன்னு தான் சொல்லுவாங்க. சுண்டுக்கு அவங்க கிட்ட இருந்தது ஒரே மருந்து, பொடுதலை. ஏரிக்கரை, கெணத்து மேடு, ஈரம் இருக்கற இடத்துல தரையோட தரையா படர்ந்து கெடக்கும், பூ பார்த்தா திப்பிலி மாதிரி குட்டியா நிக்கும். அத பறிச்சி அலசி இடிச்சி சாறு புழிஞ்சி, சாறு எவ்ளோவோ அவ்ளோ நல்லெண்ணெ ஊத்தி, சின்ன அடுப்புல வச்சி கிண்டிக்கினே இருப்பாங்க. எறக்கற பதம் எப்படி தெரியும்னா, ஒரு திரிய எண்ணெயில நனைச்சி கொளுத்துவாங்க, பட படன்னு வெடிச்சா இன்னும் தண்ணி இருக்குதுன்னு அர்த்தம், சத்தம் இல்லாம எரிஞ்சா எறக்கிடலாம். தண்ணி நின்னுட்டா எண்ணெ கெட்டுப் போயி நாத்தம் அடிக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். ஆயா அந்த எண்ணெய தேய்ச்சிட்டு எங்கள விட்டுட மாட்டாங்க. முக்கால் மணி நேரம் திண்ணையில உட்கார வச்சிட்டு, சீக்காவும் வெந்தயமும் போட்டு அரைச்ச பொடிய வடிகஞ்சியில கரைச்சி, கண்ணு எரியுது எரியுதுன்னு கத்தினாலும் விடாம தலைய பிசுக்கு இல்லாம தேய்ச்சி குளிப்பாட்டுவாங்க. சனிக்கிழமை எனக்கும் அண்ணனுக்கும், வெள்ளிக்கிழமை தங்கச்சிக்கு. எண்ணெ தலையோட ராத்திரி படுக்க விட்டதே இல்ல. இன்னைக்கு நம்ம இன்னா பண்றோம், எண்ணெ தேய்க்கறத மட்டும் புடிச்சிக்கினு அலசறத விட்டுட்டோம். தலை காஞ்சிருக்குது அதான் பொடுகுன்னு சொல்லி தினமும் எண்ணெய வழிய வழிய வச்சிக்கினு அது மேல ஹெல்மெட்டயும் மாட்டிக்கினு போறோம்.

ஒரு தோல் டாக்டர் எனக்கு சொன்னாரு, பொடுகுக்கு காரணமான பூஞ்சை எல்லார் தலையிலயும் இருக்கறது தான், மலசீசியான்னு பேரு, தலையில சுரக்கற எண்ணெப் பசைய தின்னு தான் அது உயிர் வாழுதாம். சில பேர் தோலுக்கு அது ஆகாது, அப்ப தோல் வேக வேகமா உரியும், அரிக்கும். நம்ம மேல இருந்து ஊத்தற எண்ணெயும் அதுக்கு சாப்பாடு தான். அவரு சொன்னப்ப தான் எனக்கு ஆயா ஏன் அப்படி தேய்ச்சி தேய்ச்சி அலசினாங்கன்னு புரிஞ்சிது, அவங்களுக்கு மலசீசியா தெரியாது, ஆனா கை சரியா தான் வேலை செஞ்சிருக்குது. இன்னொன்னு, பொடுகு ஒட்டிக்கிறது இல்ல சார், ஒரே சீப்புல சீவினா வந்துடும்னு கஸ்டமருங்க எங்கள தான் திட்டுவாங்க. ஆனா பேனும் படர்தாமரையும் ஒட்டிக்கும், அதுக்கு திட்டினா வாங்கிக்கறேன்.

சூடம் விஷயத்துக்கு வரேன். தேங்கா எண்ணெயில சூடம் போட்டா ஜில்லுன்னு இருக்கும், அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், அவ்ளோ தான் அதோட வேலை. ஆனா குழந்தைங்க இருக்கற வீட்டுல அத பாட்டில்ல போட்டு கை எட்டற இடத்துல வைக்கலாமா? சூடம் கொஞ்சூண்டு வயித்துக்குள்ள போனாலே சின்ன புள்ளைங்களுக்கு வலிப்பு வந்துடும். கைக்குழந்தை தலையில தேய்க்கவே கூடாது. பிறந்த குழந்தைங்களுக்கு உச்சந்தலையில மஞ்சளா பொறுக்கு கட்டும் இல்ல, அதுக்கு லேசா தேங்கா எண்ணெ தடவி ஊற வச்சி மெதுவா துடைச்சி குளிப்பாட்டினா போதும், பெரும்பாலும் சில மாசத்துல தன்னால போயிடும். இத எல்லாம் உங்க அரை பக்கத்துல ஒரு ஓரமா போட்டிருக்கலாம், அந்த இடத்துல நடிகை படம் போட்டிருந்தீங்க.

அப்பறம் தண்ணி. தோல் பதனிடற தோல் ஷாப்புங்க விட்ட கழிவுத் தண்ணி கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1996-ல தீர்ப்பு வாங்கின ஊரு நம்மளது, தண்ணிய பத்தி நமக்கு வெளிய இருந்து யாரும் சொல்லித்தர வேணாம். எங்க ஏரியா போர் தண்ணி உப்பு, பக்கெட்டு பூரா வெள்ளை படிஞ்சி போயிருக்கும். இந்த தண்ணியில குளிக்கற சோப்பயே தலைக்கும் போடுவாங்க பாதி ஆம்பளைங்க. நுரையே வராது, அந்த சோப்பு தண்ணியில இருக்கற சுண்ணாம்போட சேர்ந்து திரிஞ்சி போயி முடியில வெள்ளையா ஒட்டிக்கும், காஞ்சா சட்டை மேல உதிரும். அண்ணா பொடுகுன்னு வருவாங்க, சீப்பால இழுத்து பார்த்தா மாவு மாதிரி முடியில இருக்கும், தோல் சுத்தமா இருக்கும். இவங்களுக்கு எந்த வைத்தியமும் வேணாம், சோப்ப விட்டுட்டு சீக்காயோ ஷாம்புவோ போட்டு கடைசி ரெண்டு சொம்பு மட்டும் காவிரி தண்ணி, இல்லன்னா கேன் தண்ணியில அலசினா பத்து நாளுல வித்தியாசம் தெரியும். வெந்தயமும் அப்படி தான், நல்ல பொருளு, ஆனா சரியா அலசலன்னா அந்த சக்கையே காஞ்சி உதிரும், பொடுகு ஜாஸ்தி ஆயிடுச்சின்னு பயந்துக்கினு வருவாங்க.

இப்ப சொல்லப் போறது எனக்கே வெக்கமா இருக்குது. என் பொண்ணுக்கு ஏழு வயசுல தலையில ஒரு இடத்துல அரிச்சிது, செதில் செதிலா வந்துது. நான் தான் பெரிய ஆளாச்சே, சுண்டுன்னு முடிவு பண்ணி பொடுதலை எண்ணெ போட்டேன். ஒரு மாசம் போச்சு, அந்த இடத்துல முடி பாதியில பாதியில ஒடிஞ்சி எட்டணா அளவுக்கு சொட்டை விழுந்துது. சரி புழுவெட்டு போலன்னு சின்ன வெங்காயத்த வச்சி தேய்ச்சேன், புள்ள அழுதுது. என் சம்சாரம் தான் என்னை கேக்காம தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு போனா. தலையில வந்த படர்தாமரை அது. பூஞ்சை முடி வேருக்குள்ள போயிடுமாம், மேல எந்த எண்ணெ, எந்த களிம்பு தடவினாலும் எட்டாது, மாத்திரை தான் போடணும்னு சொல்லி ஆறு வாரத்துக்கு மேல குடுத்தாங்க. முடி திரும்ப வளர்ந்துடுச்சி, இப்ப பத்தாவது படிக்கிறா, ரெட்டை ஜடை போடறா. ஆனா அந்த ரெண்டு மாசம் நான் பண்ண கூத்து இருக்குதே! அன்னையில இருந்து கடையில ஒரு துண்ட ஒருத்தருக்கு மேல போடறது இல்ல, சீப்பு, மிஷின் பிளேடு எல்லாம் ஒவ்வொரு தலைக்கும் கழுவி மருந்துல போட்டு எடுக்கறேன்.

புழுவெட்டுன்னா வழுவழுன்னு இருக்கும், செதில் இருக்காது, அரிப்பும் பெருசா இருக்காது, புழுவும் கெடையாது வெட்டும் கெடையாது, ஒடம்பே தன் முடி வேர தாக்கறது தான். நெறைய பேருக்கு அது தானா வளர்ந்துடும், பேரு வெங்காயத்துக்கு போயிடும். செதில் தடியா வெள்ளி மாதிரி, முட்டியிலயும் முழங்கையிலயும் கூட இருந்துச்சின்னா அது சோரியாசிஸா இருக்கலாம். டை அடிச்ச ரெண்டு நாளுல காது ஓரம் ஊறல் எடுத்து மூஞ்சி வீங்கினா டை ஆகல. ஸ்கூல் பொண்ணுங்களுக்கு காது பின்னாடி, பிடரியில அரிச்சா முதல்ல ஈரு, அதான் பேன் முட்டை, இருக்குதான்னு பாருங்க, தட்டினா உதிர்றது பொடுகு, இழுத்தாலும் முடிய விடாம ஒட்டிக்கினு இருக்கறது ஈரு. இத்தனைக்கும் ஒரே எலுமிச்சம்பழமா?

மெடிக்கல்ல விக்கற பூஞ்சை ஷாம்புவ பத்தியும் ஒண்ணு சொல்லணும், இயற்கை இயற்கைன்னு அத ஒரேயடியா விஷம் மாதிரி எழுதிட்டீங்க. கீட்டோகோனசோல் 2 சதவீதம்னு இருக்குது பாருங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை, தலைத் தோலுல படற மாதிரி போட்டு 5 நிமிஷம் ஊற விடணும், நாலு வாரம். நம்ம ஜனங்க போட்ட கையோட தண்ணி ஊத்திட்டு ஒண்ணும் ஆகலியேன்னு சொல்றாங்க. இங்கயும் அதே கதை தான், நேரம் யாரும் பார்க்கறது இல்ல. நானே கேட்டு பார்த்த வரைக்கும் பொடுகு ஒரேயடியா ஒழியற வியாதி இல்ல, அடங்கும், மார்கழி பனியில திரும்ப வரும், அப்ப திரும்ப அலசணும். மூணு மருந்து கலந்த டியூப்ப மெடிக்கல்ல கேட்டு வாங்கி தலையில தடவறது மட்டும் வேணாம், அதுல ஸ்டீராய்டு இருக்கும், படர்தாமரையா இருந்தா அமுங்கின மாதிரி இருந்து பெருசா பரவிடும்.

திருப்பதியில மொட்டை போட்டா பொடுகு போயிடும்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. பொடுகு பூஞ்சை இருக்கறது தோலுல, முடியில இல்ல. வேண்டுதலுக்கு அடிங்க, பொடுகுக்காக அடிக்காதீங்க, என் பொழப்பும் கெடுது.

அடுத்த தடவை போடும்போது எவ்ளோ, எவ்ளோ நேரம், எப்ப நிறுத்தணும், எப்ப டாக்டர பார்க்கணும்னு நாலு வரி சேர்த்து போடுங்க. கூடவே பொடுதலை படம் ஒண்ணு, பூவோட, கலர்ல போடுங்க சார், போன மாசம் ஒருத்தர் பொடுதலைன்னு சொல்லி ஒரு பை நெறைய வல்லாரை பறிச்சிக்கினு வந்தாரு, எங்க வீட்டுல அத துவையல் அரைச்சிட்டோம்.

இப்படிக்கு,
ஒரு சலூன் கடைக்காரர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.