குறுக்கெழுத்தில் சிக்கிய பீரங்கி

அன்புள்ள சபாபதி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான் தொந்தரவு, மற்றபடி சுகமே.

குறுக்கெழுத்தில் உன்னை மடக்கிய 'டிஸ்பார்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் விஷயத்துக்கு வருகிறேன். பிரித்தல், பிளத்தல் என்ற பொருளில் பழைய ஆங்கிலக் கவிஞர்கள் கையாண்ட சொல் அது. மில்டனின் 'இழந்த சொர்க்க'த்திலும் வருகிறது. அதை விடு. எனக்குப் பிடித்தது பீரங்கிக்காரன் சொன்ன பொருள்.

வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்குவதற்காகப் பழைய பீரங்கிகளின் அடிப்பக்கத்தைத் தடிமனாக வார்ப்பார்கள், வாய்ப்பக்கம் மெலிந்திருக்கும். அதனால் முதுகோடு கண்ணை ஓட்டிக் குறிபார்த்தால், உள்ளே குழல் சற்று வானம் பார்த்தே நிற்கும். அடியின் விட்டம் 20 அங்குலம், வாயின் விட்டம் 14 அங்குலம் என்று வைத்துக்கொள். வித்தியாசத்தில் பாதி, அதாவது 3 அங்குலம், அதுதான் டிஸ்பார்ட். அற்பம் என்று நினைத்துவிடாதே. ஒன்பதடிப் பீரங்கியில் அது ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. 200 கஜத்தில் குண்டு குறிக்குப் பத்தடிக்கும் மேலே பறந்துவிடும்!

அளக்கும் முறை இன்னும் அழகு. மருந்தைப் பற்றவைக்கும் துளைக்குள் ஒரு கம்பியைக் குழலின் அடித்தளம் தொடும்வரை விட்டு, அடிப்பக்கத்தின் மேல்விளிம்பு மட்டத்தில் கம்பியில் அடையாளம் இடுவார்கள். பிறகு அதே கம்பியை வாய்க்குள் நிறுத்துவார்கள். வாயின் மேல்விளிம்புக்கும் அடையாளத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அந்த உயரத்துக்கு ஒரு குச்சியை வாயின்மேல் ஒட்டிவிட்டால் பார்வையும் குழலும் இணைகோடுகளாகிவிடும். கணக்கே தெரியாதவனும் செய்துவிடலாம்.

இத்தனை தெரிந்தும் பிரிட்டிஷ் கடற்படை வெகுகாலம் தன் பீரங்கிகளுக்குக் குறிகாட்டி கொடுக்கவில்லை. ஷானன் கப்பலின் தலைவர் பிலிப் புரோக் சொந்தக் காசில் பொருத்திக்கொண்டார். மாலுமிகளுக்கும் ஓயாமல் பயிற்சி கொடுத்தார். 1813 ஜூன் 1 அன்று பாஸ்டனுக்கு வெளியே அமெரிக்கக் கப்பல் செசபீக்கை அவர் கால் மணி நேரத்துக்குள் பிடித்துவிட்டார். குறிகாட்டியால் மட்டுமே வென்றார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பயிற்சிக்கும் பெரும்பங்கு உண்டு.

தை பிறந்ததும் அங்கே வருவதாக இருக்கிறேன். தங்கையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வைத்தி