சுவடிப் பேழைகளின் சாவியை வைத்திருப்போருக்கு

சைவ ஆகம, சாக்த தந்திரச் சுவடிகளைக் காத்துவரும் நூலகங்கள், மடங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்களில் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் வந்த ஒரு வரிப் பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது: "தந்திர நூல்களுக்கு நகல் தருவதில்லை."

நான் கேட்டது ஒரு சிவபூசைப் பத்ததியின், அதாவது பூசை முறையைச் சொல்லும் கைநூலின், உரை. என்னிடம் உள்ள பிரதியில் பூதசுத்தி என்ற உடல் தூய்மைச் சடங்கு முடிந்து, அங்கங்களில் மந்திரம் பதிக்கும் நியாசம் தொடங்கும் இடத்தில் ஏடுகள் செல்லரித்துவிட்டன. பூசை செய்பவர் ஐம்பூதங்களாலான தன் உடலை மனத்தால் ஒடுக்கி, எரித்து, அமுதத்தால் நனைத்து, பிறகு ஒவ்வோர் அங்கத்திலும் மந்திரங்களைப் பதித்துப் புதிய உடலை எழுப்புகிறார். சிவமாகித்தான் சிவனைப் பூசிக்க முடியும் என்பது ஆகமத்தின் அடிப்படை. பௌத்தத்தின் தந்திரப் பிரிவான வஜ்ரயானத்தின் தியான வழிபாட்டிலும் எல்லாம் முதலில் சூன்யத்தில் கரைகிறது. அப்புறம்தான் சாதகர் தன்னையே தெய்வ வடிவாகக் காண்கிறார். இரண்டு மரபுகளும் இவ்வளவு நெருங்கி வரும் அந்த இடத்தில்தான் என் பிரதி அறுந்து நிற்கிறது. விடுபட்ட பகுதி உங்கள் பேழையில் இருக்கிறது.

மீண்டும் மன்றாடியதும் பார்க்க மட்டும் அனுமதித்தீர்கள். படம் எடுக்கக் கூடாது, பென்சிலால் எழுதிக்கொள்ளலாம் என்றீர்கள். சரி என்று உட்கார்ந்தேன். கட்டை அவிழ்த்ததுமே ஓரங்கள் பொடிந்து மேசையில் உதிர்ந்தன. அந்த ஏடுகள் எண்ணெய் கண்டு பல காலம் ஆகியிருக்க வேண்டும். எனக்கு வேண்டிய ஏட்டைத் திருப்பும்போது அதன் வலப்பக்கம் ஒடிந்தது. மூன்று வரிகளின் கடைசி எழுத்துகள் அத்தோடு போயின. ஒரே ஒரு முறை படம் எடுத்திருந்தால் அந்த ஏட்டை யாரும் தொட்டிருக்கவே வேண்டாம். தயவுசெய்து சுவடிகளைப் படமெடுத்து எல்லோரும் படிக்கத் திறந்துவிடுங்கள்.

ரகசியம் என்கிறீர்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் தீட்சையும் குருவும் இல்லாமல் மந்திரம் பலிக்காது என்று அந்த நூல்களே சொல்கின்றனவே! ஏட்டின் படம் யாருக்கும் தீட்சை தந்துவிடாது. காஷ்மீரச் சைவ ஆசான் அபிநவகுப்தரின் தந்திரப் பெருநூலான தந்த்ராலோகம் 1918 முதல் 1938 வரை காஷ்மீர நூல்வரிசையில் 12 தொகுதிகளாக அச்சேறியது. அதனால் அந்நூல் சொல்லும் கௌலம் என்ற தந்திர மரபு கெட்டுவிடவில்லை. அதைக் கற்பவர்கள்தான் பெருகினார்கள். திபெத்திய பௌத்தர்களுக்கும் இதே தயக்கம் இருந்தது. 1999இல் ஜீன் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் தொடங்கிய மையம் இன்று அவர்களுடைய நூல்களை ஒரு கோடிக்கும் அதிகமான பக்கங்களாக இணையத்தில் தருகிறது. நேபாளத்தில் 1970 முதல் 2001 வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான சுவடிகளைப் படச்சுருளில் ஏற்றினார்கள். யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த புதுச்சேரி சைவத் தொகுப்பிலிருந்து பெயர்த்தெழுதிய பிரதிகள் பலவற்றை இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம். உங்களால் மட்டும் ஏன் முடியாது?

நீங்கள் பூட்டி வைத்த இடைவெளியில் யார் புகுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று நாள் முகாமில் குண்டலினியை எழுப்புவதாகக் காசு வாங்குகிறார்கள். தந்திரம் என்றால் காமம், இல்லாவிட்டால் பில்லிசூனியம் என்று நம் படித்த பிள்ளைகளே நினைக்கிறார்கள். சிவாலயத்தில் தினமும் நடக்கும் ஆவாகனமும் முத்திரையும் நியாசமும் அதே மரபில் வந்தவை என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? திருமூலர் தம் நூலை ஒன்பது தந்திரங்களாக வகுத்துப் பாடிய மண் இது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் கேட்க வந்தவன் நான், பணிவோடுதான் கேட்கிறேன். முதலில் உங்களிடம் உள்ள சுவடிகளின் பட்டியலை வெளியிடுங்கள். பிறகு சிதையும் நிலையில் உள்ளவற்றை உடனே படமெடுத்து, எல்லோரும் படிக்கத் திறந்துவிடுங்கள். தீட்சை பெற்றவர்களுக்கே உரியவை என்று நீங்கள் உறுதியாகக் கருதும் சிலவற்றை ஒதுக்கி வையுங்கள், அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் அவற்றையும் படமாவது எடுத்து வையுங்கள். ஏடுகளைப் புரட்டவும் கிரந்த எழுத்தைப் படிக்கவும் ஆள் வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்கள் ஊதியமில்லாமல் வரத் தயாராக இருக்கிறோம். எப்போது வரலாம் என்று ஒரு பதில் எழுதுங்கள்.

பணிவுடன்,
உங்கள் வாசகன்